கேதம் சொன்னவன்

பதினாலு வருஷத்தில் சிவபாண்டி என்னிடம் பேசியது ஒரே ஒரு சேதி. அதை நான் நம்பவில்லை. நம்பாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பதிலும் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் காளிராஜ். சிவகாசிக்காரன். எட்டு சீசன் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிச் சம்பளம் வாங்கியவன். ஊரில் இதைச் சொன்னால் டீக்கடையே சிரிக்கும். "ஃபுட்பால்னா காலால ஒதைக்கணும்ல? நீங்க என்னமோ தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு முட்டிக்கிட்டுக் கெடக்கீக" என்பார்கள். முட்டிக்கொண்டுதான் கிடந்தோம். பொய் இல்லை. எதிரெதிரே இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மாடு மாதிரி ஆட்கள், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பார்கள். எதிர் வரிசைக்குப் பின்னால் பந்தை எறிகிறவன் ஒருத்தன் நிற்பான். பந்து அவன் கைக்குப் போன நொடியில் நான் என் எதிரே இருப்பவனை இடித்துத் தள்ளி உள்ளே புகுந்து, எறிகிறவனைத் தரையில் சாய்க்க வேண்டும். எதிரே இருப்பவனுக்கு என்னைத் தடுப்பது மட்டும்தான் வேலை. ஒரு ஆட்டத்தில் அறுபது தடவை இதே முட்டல். எட்டு சீசனில் பந்தை நான் கையில் தொட்டது மூன்று தடவை.

என் எதிரே இருந்தவன் சிவபாண்டி. என் சித்தப்பா அய்யாதுரையின் மகன். என்னைவிட ஒரு வயது இளையவன்.

அப்பா லட்சுமிகாந்தமும் சித்தப்பாவும் சேர்ந்துதான் நாரணாபுரம் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி நடத்தினார்கள். 'ரெட்டைக் கரடி' மார்க். லேபிளில் இரண்டு கரடிகள் கைகோத்துக்கொண்டு நிற்கும். எனக்குப் பத்தொன்பது வயதில் பாகம் பிரித்தபோது ஷெட்டுகளைப் பிரித்தார்கள், வேன்களைப் பிரித்தார்கள், கரடிகளைப் பிரிக்க முடியவில்லை. லேபிள் எனக்குத்தான் என்று அப்பா. சித்தப்பா அதே இரண்டு கரடியை அச்சடித்து மேலே 'அசல்' என்று போட்டார். அடுத்த வருஷம் அப்பா 'ஆதி அசல்' என்று போட்டார். கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய் அங்கேயே வயசாகிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஒரே ஒரு காம்பவுண்டுச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் யாரும் பேசக் கூடாது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதற்கும் போக்குவரத்து கிடையாது.

சாவுக்கு மட்டும் விதிவிலக்கு. எங்கள் பக்கம் சாவுச் செய்தி சொல்வதைக் கேதம் சொல்வது என்போம். பங்காளிக்குத் தீட்டு உண்டு, அதனால் எவ்வளவு பகை இருந்தாலும் கேதம் சொல்லியாக வேண்டும். சொல்ல வந்தவனை வாசலில் நிறுத்தி ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் வகையறாவில் ஒரு பெரியவர் செத்தபோது சித்தப்பாவே வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னார். அப்பா தண்ணீரை நீட்டினார். "எப்ப எடுக்குறாக?" என்று கேட்டார். "நாளைக்கு மூணு மணிக்கு" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் பேச்சு. சித்தப்பா செம்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அப்பா உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கேஸ் கட்டை எடுத்துப் பார்த்தார்.

நானும் சிவபாண்டியும் எங்கள் வீட்டு உடம்புக்காரர்கள். இருபது வயதிலேயே நூறு கிலோவைத் தாண்டியவர்கள். கல்லூரியில் நான் பளு தூக்கினேன் என்று அவனும் தூக்கினான். பெரிய உடம்புக்காரர்கள் வேண்டும் என்று ஒரு லீக் சென்னையில் ஆள் எடுத்தபோது நான் ரயில் ஏறினேன். அடுத்த பெட்டியில் அவன். இரண்டு பேரையும் எடுத்தார்கள். என்னை நீலச் சட்டை அணி வாங்கியது, அவனைச் சிவப்புச் சட்டை அணி. என்னைத் தாக்குகிற வரிசையில் போட்டார்கள், அவனைத் தடுக்கிற வரிசையில். பயிற்சியாளர்களுக்கு எங்கள் குடும்பக் கதை எதுவும் தெரியாது. தெரிந்து வைத்த மாதிரி வைத்தார்கள்.

சீசன் என்றால் புனேயில் இரண்டரை மாதம். எல்லா அணியும் ஒரே மைதானத்தில் ஆடும். மற்றவர்கள் கோட்டில் குனிந்தால் வாயை மூட மாட்டார்கள். அம்மாவை இழுப்பான், அக்காவை இழுப்பான், இந்தியில், பஞ்சாபியில், மலையாளத்தில். எதிராளிக்குக் கோபம் வந்து முன்கூட்டியே பாய்ந்தால் அவன் அணிக்குத் தண்டனை, அதற்காக. நானும் எல்லாரையும் திட்டுவேன். சிவபாண்டி முன்னால் குனிந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒரு சாண் தூரத்தில் அவன் மூச்சு என் முகத்தில் படும். அவன் வேர்வை என் கண்ணில் விழும். ஒரு வார்த்தை கிடையாது. முதலில் பேசுகிறவன் தோற்றவன் என்று நான் நினைத்தேன். அவனும் அதையே நினைத்திருப்பான்.

அவன் என் விரல் இரண்டை வளைத்து வைத்திருக்கிறான், இன்றைக்கும் நிமிராது. நான் அவன் மூக்கை ஒரு தடவை, விலாவை ஒரு தடவை. ஆட்டம் முடிந்ததும் அப்பா போன் பண்ணுவார். ஜெயித்தோமா என்று கேட்க மாட்டார். அடிபட்டதா என்று கேட்க மாட்டார். "சின்னவன் மகனச் சாய்ச்சியாலே?" அது ஒன்றுதான் கேள்வி. சாய்த்தேன் என்றால் போனை வைத்துவிட்டு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவாராம். ஆட்டத்தின் பெயரைக்கூட அவர் கடைசிவரை சரியாகச் சொன்னதில்லை. ஆனால் என் தங்கை ஸ்ரீமதியின் போனில் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார். வீட்டு வாசலில் யாராவது நின்றால் போனைக் கவிழ்த்து வைத்துக்கொள்வார்.

ஏழாவது சீசனில் எனக்கு முப்பத்து மூன்று வயது. வலது முழங்காலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், வாரம் ஒரு தடவை ஊசி போட்டு எடுப்பார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார்கள், என் இடத்தைப் பார்த்தபடி. சிவப்புச் சட்டையோடு ஆட வேண்டிய கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் பயிற்சியாளர் கூப்பிட்டார். "காளி, நாளைக்கு நீ எறிகிறவனைச் சாய்த்தால் அடுத்த வருஷம் உண்டு. இல்லையென்றால் கை கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு" என்றார் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு வேறு எதுவும் தெரியாது. பட்டாசுக் கம்பெனியில் அப்பாவுக்கு முன்னால் நிற்க என்னால் முடியாது. இந்த ஆட்டம் போனால் நான் யாரும் இல்லை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

ஆட்டத்தன்று மதியமே எல்லாருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சூதாட்டத்துக்கு யாரும் தகவல் சொல்லிவிடக் கூடாது என்று லீக் வைத்த விதி. மேனேஜரிடம் மட்டும் போன் இருக்கும். எங்கள் மேனேஜர் தெரியாத நம்பர் வந்தால் எடுக்காத ஜென்மம்.

முதல் பாதியில் நான் ஒன்றும் கிழிக்கவில்லை. சிவபாண்டி என்னைச் சுவர் மாதிரி நிறுத்தி வைத்திருந்தான். முழங்கால் விண் விண் என்று தெறித்தது. இடைவேளையில் உள்ளே போகிற வழியில் அவன் சிவப்புக் கூட்டத்தை விட்டு விலகி என்னை நோக்கி வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னை ஏளனம் செய்ய வருகிறான் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டேன். பின்னால் அவனை யாரோ கூப்பிட்டுத் திருப்பி இழுத்துப் போனார்கள்.

இரண்டாம் பாதியில் முழங்காலுக்குக் கட்டுப் போட என்னை வெளியே உட்கார வைத்தார்கள், கடைசியில்தான் திரும்ப இறக்கினார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம். நாங்கள் நான்கு புள்ளி பின்னால். கோட்டில் குனிந்தேன். எதிரே அவன் குனிந்தான். பல்லுக்குக் காப்பாக வாயில் கடித்திருந்த ரப்பரைத் துப்பினான். அது புல்லில் விழுந்து என் கை பக்கத்தில் கிடந்தது.

"அண்ணே, பெரியப்பா தவறிட்டாக."

பதினாலு வருஷம் கழித்து அண்ணே என்கிறான். முதலில் எனக்குள் வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். முதலில் பேசிவிட்டான், தோற்றுவிட்டான் என்ற சந்தோஷம். அடுத்து வந்தது வெறி. எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறார்கள், எவனும் இவ்வளவு கீழே இறங்கியதில்லை. ஒரு தடுப்புக்காக என் அப்பாவைச் சாகடிக்கிறானே, நான் பாய்ந்து தண்டனை வாங்க வேண்டும் என்றுதானே இதைச் சொல்கிறான் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பந்து நகரும்வரை அசையாமல் இருந்தேன்.

பந்து நகர்ந்தது. என் தோளை அவன் இடது தோளுக்குக் கீழே கொடுத்து நூற்று முப்பது கிலோவையும் அதில் இறக்கினேன். காரை எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. அவன் தடுக்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அவனைத் தாண்டி உள்ளே போய் எறிகிறவனைப் பின்னாலிருந்து அடித்துச் சாய்த்தேன். பந்து தெறித்தது. எங்கள் பையன் ஒருத்தன் அதை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். மைதானமே எழுந்தது.

திரும்பி வரும்போது சிவபாண்டி மல்லாக்கக் கிடந்தான். ஒரு கையால் தோளைப் பிடித்திருந்தான்.

"நெசமாத்தாண்ணே" என்றான். "மதியம் ரெண்டு மணிக்கு."

நான் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "ஒங்கப்பன் சாகும்போது வந்து சொல்லுலே. அன்னைக்குக் கேக்குதேன்."

சொல்லிவிட்டு ஆடினேன். இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றி, எங்கள் ஊர் பங்குனிப் பொங்கலுக்குத் தெருவில் ஆடுவோமே, அந்த ஆட்டம். கேமரா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு நேராகப் போய் நின்று, உடைந்து கிடந்தவனைக் கையால் காட்டி, நெஞ்சில் தட்டிக்கொண்டு ஆடினேன். அப்பா பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் ஆடினேன்.

ஜெயித்தோம். பயிற்சியாளர் என்னைக் கட்டிப் பிடித்தார். போன் பை மேனேஜரிடம் இருந்தது, அவர் லீக்காரர்களோடு விருந்துக்குப் போய்விட்டார். கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. சிவபாண்டி சொன்னது உள்ளே எங்கேயோ முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது, போனைப் பார்த்தால் உண்மையாகிவிடுமோ என்று இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நூறு சதவீதம் நம்பாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போன் கைக்கு வந்தது. ஸ்ரீமதி நாற்பத்தோரு தடவை கூப்பிட்டிருந்தாள். கடைசி அழைப்பு முந்தின நாள் சாயங்காலம் ஆறே கால். நான் ஆடியது ஆறு மணிக்கு. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை.

சென்னை, மதுரை, அங்கிருந்து கார். சிவகாசி வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்தரை. எங்கள் தெருவைக் கழுவிவிட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒருத்தன் மினி லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பந்தலுக்குக் கீழே குளிர்ப்பெட்டி காலியாக இருந்தது, அதன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கம்பெனி ஆட்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்படி அவர்களை நான் பார்த்ததே இல்லை.

அம்மா சுப்புத்தாய் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வந்துட்டியா? ஆடி முடிச்சிட்டியா?"

ஸ்ரீமதிதான் அழுதுகொண்டே சொன்னாள். மதியம் சாப்பிட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். எங்கள் மேனேஜருக்கு அடித்து அடித்து ஓய்ந்து போய், வேறு வழியில்லாமல் சித்தப்பா வீட்டில் சொல்லி, சித்தப்பா சிவப்பு அணி மேனேஜருக்கு அடித்தாராம். இடைவேளை விட்டதுமே சிவபாண்டிக்குச் சேதி போயிருக்கிறது. நான் கிளம்பிவிட்டேனா என்று பார்க்க எல்லாரும் ஸ்ரீமதியின் போனைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அதில் நான் துண்டைச் சுழற்றியிருக்கிறேன். அப்பாவின் தலைமாட்டில் வைத்து.

"சிவபாண்டி அண்ணன் ஆஸ்பத்திரியிலருந்து போன் பண்ணுச்சு. 'காளியண்ணன்ட்ட சொல்லிட்டேன், ரெண்டு தடவ சொல்லிட்டேன்'னு சொல்லுச்சு. மகன் வர்ற வரைக்கும் வைக்கணும்னு எல்லாரும் சொன்னாக. அம்மாதான், 'அவன் தெரிஞ்சுதான் ஆடுதான். அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுங்க'ன்னுட்டா."

கொள்ளி வைத்தது சிவபாண்டி. தோளில் கட்டோடு ராத்திரி விமானம் ஏறிக் காலையில் வந்து சேர்ந்திருக்கிறான். கொள்ளிக்குடத்தை இடது தோளில்தான் ஏற்ற வேண்டும் என்றார்களாம். உடைந்த தோள் அதுதான். கட்டுக்கு மேலேயே ஏற்றிக்கொண்டானாம். பின்னாலிருந்து குடத்தைக் கையால் தாங்கிக்கொண்டே மூன்று சுற்றும் வந்தது யார் தெரியுமா, சித்தப்பா. கரடிக்காகப் பதினாலு வருஷம் கோர்ட்டில் நின்ற மனிதர்.

சிவபாண்டி பந்தல் ஓரத்தில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். அந்த மொட்டை என்னுடையது. அந்த இடம் என்னுடையது. அவனைப் பார்த்ததும் எனக்கு வந்தது நன்றி இல்லை, கொலைவெறி. "எங்கப்பனுக்குக் கொள்ளி வைக்க நீ யாருலே?" என்று பாய்ந்தேன். ஆறு பேர் பிடித்தார்கள். ஆறு பேரையும் உதறினேன், அதுதானே என் தொழில். அம்மா எழுந்து வந்து குறுக்கே நின்றாள். நாற்பத்தைந்து கிலோகூட இருக்க மாட்டாள். என்னால் தாண்ட முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம். கொள்ளி வைத்தவன்தான் காரியத்துக்கு உட்கார வேண்டும் என்பது முறை. நான் அம்மாவிடம் கெஞ்சினேன். தெரியாமல் நடந்தது, பொய் சொல்கிறான் என்று நினைத்தேன், நான்தான் உட்காருவேன் என்று பதினைந்து நாளாகக் கெஞ்சியிருந்தேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு பலகை. அதில் உட்கார்ந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டால் மிச்ச காலத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இருந்தது. பலகையைப் போட்ட பிறகு, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அம்மா என்னை முன்னால் கூப்பிட்டாள்.

"நம்பலன்னு சொல்லுத. சரி. கேதம் சொல்லுறது பொய்யா இருந்தாலும், சொன்னவனுக்கு ஒரு பதில் இருக்கு. ஒங்கப்பா சொன்னத நீ பாத்திருக்க. சிவபாண்டிக்கு நீ என்ன பதில் சொன்ன? அதச் சொல்லிட்டு ஒக்காரு."

சிவபாண்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினான். அப்போதுதான் புரிந்தது, நான் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற அப்பனிடம்கூடச் சொல்லவில்லை. நான் ஒரு பொய் சொன்னால் அதையும் மறுக்க மாட்டான். 'எப்ப எடுக்குறாக என்று கேட்டேன்' என்று சொல்லியிருந்தால் போதும், பலகை எனக்கு.

அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவன் போடுகிற பிச்சையில் நான் என் அப்பனுக்கு மகனாக இருக்க வேண்டுமா? எல்லாருக்கும் நல்லவனாகிவிட்டான், எனக்குமா? ஆத்திரத்தில் சொன்னேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற யோக்கியதையில் இல்லை, ஆத்திரத்தில்.

"ஒங்கப்பன் சாகும்போது வந்து சொல்லு, அன்னைக்குக் கேக்குதேன்னு சொன்னேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். கத்தவில்லை.

"சரிப்பா. எம்மகன் ஒன்கிட்ட வந்து சொல்ல மாட்டான். எங்க வீட்டுல இனி எது நடந்தாலும் மதினிக்குச் சொல்லுவோம், ஸ்ரீமதிக்குச் சொல்லுவோம். ஒனக்குச் சொல்லுறதில்ல. ஒனக்கும் எங்களுக்கும் இனிமே கெட்டதுக்கும் கெடையாது." மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, நீ போயி ஒக்காரு."

சிவபாண்டி போய்ப் பலகையில் உட்கார்ந்தான்.

அந்த வாரமே லீக்கிலிருந்து ஒப்பந்தம் வந்தது. அடுத்த சீசனுக்கான விளம்பரப் படத்தில் நான்தான் இருந்தேன், துண்டைச் சுழற்றிக்கொண்டு. கையெழுத்துப் போட்டேன். போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் எனக்கு வேறு வேலை காட்டியிருக்க வேண்டும். எட்டாவது சீசனில் என் எதிரே ஒரு பஞ்சாப் பையன் குனிந்தான். ஓயாமல் ஏதோ பேசுவான். எனக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொரு தடவை குனியும்போதும் வேறு ஒரு குரலுக்காகக் காது காத்துக்கொண்டிருந்தது. பந்து நகர்ந்த பிறகும் நான் நகரவில்லை என்று பயிற்சியாளர் கத்துவார். ஐந்தாவது ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. கை கொடுத்து அனுப்பினார்கள், அதே சிரிப்போடு.

ஊருக்கு வந்து அப்பாவின் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன். சிவபாண்டியின் காரை எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, அவன் பிறகு ஆடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் காலையில் வேன் எண்ணி ஆள் இறக்குகிறான். சித்தப்பா கேஸை வாபஸ் வாங்கிவிட்டார். அம்மாவும் ஸ்ரீமதியும் அந்த வீட்டுக்குப் போகிறார்கள், வருகிறார்கள். பண்டிகைக்குப் பலகாரம் வருகிறது. எனக்கு எடுத்து வைத்தால் நான் தொடுவதில்லை. நாரணாபுரம் ரோட்டில் அவனும் நானும் எதிரெதிரே வண்டியில் வந்தால் ஹாரன்கூட அடிப்பதில்லை. பழைய பகை இதைவிட எவ்வளவோ மேல். அதில் ஒரு கதவாவது திறந்திருந்தது.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலமே சாத்தூருக்குப் போய்விட்டேன், அட்டைப்பெட்டி லோடு ஏற்ற. பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். சுவரில் ஒருத்தன் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் அச்சடித்தது, மையின் பளபளப்பைப் பார்த்தாலே தெரியும். 'கண்ணீர் அஞ்சலி.' கீழே சித்தப்பாவின் படம், வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. வருந்தும் குடும்பத்தார் என்று பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சிவபாண்டி பெயர் இருந்தது. அம்மா பெயர் இருந்தது. ஸ்ரீமதி பெயர், அவள் புருஷன் பெயர் எல்லாம் இருந்தது. நான் மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினேன். கீழே ஓரத்தில் பசை வழிந்து எழுத்து மறைந்திருந்தது. அங்கேயும் கையால் துடைத்துப் பார்த்தேன், அச்சகத்தின் பெயர்தான் இருந்தது.

அம்மாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஸ்ரீமதி எடுக்கவில்லை. என்னிடம் சிவபாண்டியின் நம்பர் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

பங்காளிக்குத் தீட்டு உண்டு. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உண்டு. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ரயில்வே கேட் பக்கம் ஒரு சலூனில் போய் உட்கார்ந்தேன். மொட்டை எடுத்துவிடுங்கள் என்றேன். கடைக்காரர் தலையில் தண்ணீர் தெளித்தார்.

"கோயிலுக்கா அண்ணாச்சி?"

"இல்ல, கேதம்."

"அடடா. யாரு?"

"சித்தப்பா."

கத்தியில் பிளேடை மாற்றிக்கொண்டே, எல்லாரும் கேட்கிற மாதிரி அவரும் கேட்டார். "எப்ப எடுக்குறாக?"

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியல" என்றேன். "எனக்கு யாரும் சொல்லல."